வெற்றிடத்தைப் பற்றிய ஒரு வழக்கு



இருவர் ஒரு பொருளுக்காக வழக்காடினால் அதில் வியப்பில்லை. வரப்புக்காகவும் வாய்க்காலுக்காகவும் வழக்காடியவர்களை நாம் அறிவோம். ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தைப் பற்றி, அறிவில் சிறந்தவர்கள் பல்லாயிரவர், பல பத்தாண்டுகளாக ஓயாமல் வழக்காடி வருகிறார்கள் என்றால் நீங்கள் நகைப்பீர்கள். ஆயினும் அது மெய். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரிடையே நிகழ்ந்துவரும் அவ்வழக்கின் வரலாற்றைத்தான் இன்று சொல்ல விழைகின்றேன். வானொலியில் பேசுகிறவனுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. வெற்றிடத்தை எழுதிக் காட்டவும் வழியில்லை. ஒலித்துக் காட்டவும் வழியில்லை. ஆதலால் கையில் ஒரு தாளும் எழுதுகோலும் வைத்துக்கொண்டு கேட்பீர்களானால் நலமாக இருக்கும்.

முதலில் வழக்கு இன்னதென்று தெரிந்துகொள்வோம். நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பு. அக்கட்டளைகளுள் சில, வேறொரு கட்டளைக்கு அடங்கி நடப்பவை. ‘மழை பெய்தால்’ என்று முதல் வரியில் எழுதுங்கள். அதன் கீழே ‘குடையை எடு’ என்று ஒரு வரி. ‘சன்னலைச் சாத்து’ என்று மற்றொரு வரி. பிறகு ‘பள்ளிக்குப் புறப்படு’ என்று ஒரு வரி. குடையும் சன்னலும் மழையைச் சார்ந்தவை. பள்ளிக்குப் புறப்படுவதோ மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் செய்யவேண்டியது. இவ்வேறுபாடு பார்த்த மாத்திரத்தில் விளங்க என்ன செய்வோம்? நடுவிலுள்ள இரண்டு வரிகளையும் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி எழுதுவோம். இதற்கு உள்தள்ளல் என்று பெயர். நிரல் எழுதுவோர் அனைவரும் உள்தள்ளி எழுத வேண்டும் என்பதில் ஒருமைப்பாடு உடையவர்கள்.

எதனால் தள்ளுவது என்பதில்தான் பிரிவினை. இடைவெளிக் கட்டையை நான்கு முறை தட்டலாம். அல்லது விசைப்பலகையின் இடக்கோடியில் உள்ள டேப் விசையை ஒரே ஒரு முறை அழுத்தலாம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணிப்பொறி தன் கோப்பில் எழுதிவைப்பதோ வேறு வேறு. முதல் வகையில் நான்கு குறிகள் பதிகின்றன. இரண்டாம் வகையில் ஒரே குறி பதிகிறது. இன்றைய எழுதுமென்பொருள்கள் டேப் விசையை அழுத்தினாலும் அதை நான்கு இடைவெளிகளாக மாற்றி இடவல்லன. ஆகவே இவ்வழக்கு விரலைப் பற்றியது அன்று. கோப்பில் எந்தக் குறி நிலைக்கிறது என்பதைப் பற்றியது.

இதற்கா சண்டை என்று கேட்பீர்கள். 2016ஆம் ஆண்டில் ‘சிலிக்கான் வேலி’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒரு காட்சி வந்தது. கதைத்தலைவன் டேப் கட்சி. அவனுடைய தோழி இடைவெளிக் கட்சி. அவள் இடைவெளிக் கட்டையைத் தட்டும் ஓசையைப் பொறுக்கமாட்டாமல் அவன் உறவையே முறித்துக்கொள்கிறான். மறு ஆண்டு ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ என்னும் நிறுவனம் நிரலர்களிடையே நடத்திய கணக்கெடுப்பில் இதையும் ஒரு கேள்வியாக வைத்தது. நிரலெழுதுவதையே தொழிலாகக் கொண்டவருள் டேப் கட்சியினர் 40.7 விழுக்காடு, இடைவெளிக் கட்சியினர் 41.8 விழுக்காடு, எஞ்சியோர் இரண்டையும் வழங்குவோர். இடைவெளிக் கட்சியினரின் ஊதியம் 8.6 விழுக்காடு மிகுதியாக இருப்பதாகவும் அக்கணக்கிலிருந்து மதிப்பிட்டார்கள். உடனே ஊதிய உயர்வை நாடி இடைவெளிக் கட்டையைத் தட்டத் தொடங்கிவிடாதீர்கள். இரண்டு செய்திகள் ஒருங்கே காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடாது. அது வேறொரு நாள் பேசவேண்டிய பொருள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். டேப் என்பது டாபுலேட்டர் என்பதன் சுருக்கம். ஒலிநாடாவைக் குறிக்கும் டேப் வேறு. இலத்தீன் மொழியில் ‘டாபுலா’ என்றால் பலகை. பலகையில் எழுதிய கணக்கு, அட்டவணை என்று அச்சொல்லின் பொருள் நாளடைவில் விரிந்தது. நம் நாட்டுத் தட்டச்சுப் பயிலகங்களில் பயின்றவர்களுக்கு டாபுலேட்டர் பழைய நண்பன். தேர்வில் ‘ஸ்டேட்மெண்ட்’ என்று ஓர் அட்டவணையை அடிக்கச் சொல்வார்கள். நானும் அடித்திருக்கிறேன். பெயர் ஒரு பத்தி, அளவு ஒரு பத்தி, விலை ஒரு பத்தி, தொகை ஒரு பத்தி. ஒவ்வொரு பத்திக்கும் இடைவெளிக் கட்டையையே தட்டித் தட்டிச் சென்றால் கையும் சலிக்கும், எண்ணிக்கையும் பிசகும். ஆகையால் பத்திகள் தொடங்கவேண்டிய இடங்களில் முன்கூட்டியே தடைகளை நிறுத்திவிட்டு, டாபுலேட்டர் விசையை அழுத்துவோம். தாளைத் தாங்கிய உருளை சர்ரென்று ஓடி அடுத்த தடையில் முட்டி நிற்கும். அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இடைவெளிக் கட்டை ‘ஓர் எழுத்தளவு நகர்’ என்கிறது. டாபுலேட்டர் விசையோ ‘அடுத்த நிறுத்தத்திற்குப் போ’ என்கிறது. அந்த நிறுத்தம் எங்கே இருக்கிறது என்பது விசைக்குத் தெரியாது. தடைகளை நிறுத்தியவருக்கே தெரியும். தட்டச்சுப்பொறியில் இதனால் ஒரு குழப்பமும் விளையவில்லை. ஏனெனில், தாளில் எஞ்சுவது விளைவு மட்டுமே. எந்த விசையை அழுத்தி அந்த இடத்திற்கு வந்தீர்கள் என்பதைத் தாள் நினைவில் வைத்திருப்பதில்லை. கணிப்பொறி வந்த பிறகோ, விளைவுக்குப் பதிலாகக் கட்டளையே கோப்பில் தங்கத் தொடங்கிற்று. என் கருத்தில் வழக்கின் வேர் இதுதான்.

ஆனால் கணிப்பொறியின் தொடக்க நாட்களில் இச்சிக்கல் எழவில்லை. அப்போது நிரல்கள் துளையட்டைகளில் எழுதப்பட்டன. ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் கொண்டுவந்த அட்டையில் 80 கட்டங்கள் இருந்தன. ஓர் அட்டைக்கு ஒரு வரி. 1957இல் ஜான் பேக்கஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் கட்டங்களுக்கு நிலையான பங்கீடு உண்டு. முதல் ஐந்து கட்டங்கள் வரியின் எண்ணுக்கு. ஆறாவது கட்டம், முந்திய வரியின் தொடர்ச்சியா என்பதைக் காட்டுவதற்கு. ஏழு முதல் எழுபத்திரண்டு வரை கட்டளைக்கு. இவ்வளவு கண்டிப்பான அம்மொழி, கட்டளைக்குள் வரும் இடைவெளிகளை மட்டும் முற்றிலும் புறக்கணித்தது. சொற்களைச் சேர்த்து எழுதினாலும் ஒன்றே, பிரித்து எழுதினாலும் ஒன்றே. எழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது உயிர்நாடி. அந்த எல்லைக்குள் வெற்றிடம் எவ்வளவு என்பது பொருளற்றது.

1960இல் உருவான அல்கால் 60 என்னும் மொழி வேறொரு வழியில் சென்றது. ஒன்றுக்கு அடங்கிய கட்டளைகளை, ‘தொடங்கு’, ‘முடி’ என்று பொருள்படும் இரு சொற்களுக்கிடையே அடைத்து வைத்தது. ஓர் அடைப்புக்குள் மற்றோர் அடைப்பு, அதற்குள் இன்னொன்று எனப் பெட்டிக்குள் பெட்டியாக நிரல் வளர்ந்தது. பின்னாளில் சி மொழி அச்சொற்களுக்குப் பதிலாக நெளிவான அடைப்புக்குறிகளைக் கையாண்டது. பொறிக்கு இந்த அடைப்புகளே போதும். ஆனால் பெட்டிக்குள் பெட்டி மூன்று நான்கு ஆனவுடன் மனிதக் கண்ணுக்கு அவை போதவில்லை. எது எதற்குள் அடங்கியது என்று விரலால் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. அதனால்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு படி உள்ளே தள்ளி எழுதும் வழக்கம் வேரூன்றியது. பொறி அடைப்பைப் படித்தது. மனிதன் ஓரத்தைப் படித்தான். ஒரே நிரலை இருவர் இரண்டு வெவ்வேறு அடையாளங்களைக் கொண்டு படித்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

1963இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்னும் எழுத்தெண் முறை வகுக்கப்பட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். இடைவெளிக்கு 32. தட்டச்சுப்பொறியின் வழிவந்த டேப்புக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது. அதன் எண் 9. ‘இவ்வளவு தொலைவு’ என்ற அளவு எதுவும் அந்த 9க்குள் இல்லை. அடுத்த நிறுத்தத்திற்குப் போ என்ற பழைய கட்டளை மட்டுமே இருந்தது.

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கிய காலத்தில், எட்டு எழுத்துக்கு ஒரு நிறுத்தம் என்பது வழக்கமாக நிலைபெற்றது. அக்காலத்துச் சிக்கனத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். யூனிக்ஸ் ஓடிய முதல் பி.டி.பி.-11 பொறியின் நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 அமைப்புக்கே போய்விட, பயனாளரின் நிரல்களுக்கு எஞ்சியது 8. அதன் வட்டு 512 கிலோபைட். இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியில் ஒரு நிழற்படம் அந்த வட்டு முழுவதையும் நிரப்பிவிடும். எட்டு இடைவெளிகள் எட்டு பைட்களை விழுங்கும்; ஒரு டேப்போ ஒரு பைட்டோடு நிற்கும். வெற்றிடத்தைச் சேமித்து வைப்பதற்கே இடமில்லாத நாளில் டேப் ஒரு நற்பேறாக இருந்தது.

பிறகு என்ன நேர்ந்தது? நிரல் கைமாறத் தொடங்கிற்று. எழுதியவர் தம் திரையில் நிறுத்தத்தை நான்கு எழுத்துக்கு ஒன்றென வைத்திருப்பார். வாங்கிப் படிப்பவர் எட்டுக்கு ஒன்றென வைத்திருப்பார். எல்லா வரிகளிலும் டேப் மட்டுமே இருந்தால் கேடில்லை. படிகள் சற்று அகலமாகத் தோன்றும், அவ்வளவே. சில வரிகளில் டேப்பும் சில வரிகளில் இடைவெளியும் கலந்துவிட்டாலோ, எழுதியவர் திரையில் ஒழுங்காக நின்ற வரிகள் படிப்பவர் திரையில் முன்னும் பின்னுமாகச் சிதறிப்போகும். அடங்கிய கட்டளை அடங்காததுபோலத் தோன்றும். அடங்காதது அடங்கியதுபோலத் தோன்றும். ‘யார் திரையிலும் ஒன்றுபோல் தோன்றும் இடைவெளியே நம்பத்தக்கது’ என்று ஒரு கட்சி எழுந்தது. ‘ஒரு டேப், ஒரு படி. அதன் அகலத்தைப் படிப்பவர் தம் கண்ணுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளட்டும்’ என்று மற்றொரு கட்சி எழுந்தது. பக்கத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் உரிமை எழுதுபவருக்கா, படிப்பவருக்கா என்பதே இவர்களுடைய வினா. இரண்டு கட்சியினரும் ஒருசேர வெறுத்தது கலப்பை மட்டுமே.

இதனிடையே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பார் ‘மேக்’ என்னும் கருவியை இயற்றினார். பெரிய மென்பொருள் பல கோப்புகளால் ஆனது. ஒன்றைத் திருத்தினால், அதைச் சார்ந்தவற்றை மட்டும் மீண்டும் ஆக்கினால் போதும். எவற்றை ஆக்கவேண்டும் என்பதைத் தானே கண்டறிந்து செய்து முடிப்பது ‘மேக்’. அதற்கு எழுதித் தரவேண்டிய குறிப்பில் ஒரு விதி உண்டு. செய்யவேண்டிய கட்டளை, வரியின் தொடக்கத்தில் ஒரு டேப்போடு எழுதப்பட வேண்டும். எட்டு இடைவெளிகள் ஆகா; எண்பது இடைவெளிகளும் ஆகா. கண்ணுக்குத் தெரியாத இரண்டு வெற்றிடங்களுள் ஒன்று சட்டப்படி செல்லும், மற்றொன்று செல்லாது.

ஃபெல்ட்மன் இவ்விதியை நெடிது ஆராய்ந்து வகுக்கவில்லை. எளிதாக இருந்தது, வேலை செய்தது, விட்டுவிட்டார். சில வாரங்கள் சென்றன. இது தவறான ஏற்பாடு என்பது புலப்பட்டபோது, அக்கருவியைப் பன்னிரண்டு பேர் அளவில் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அவருடைய நண்பர்கள். விதியை மாற்றினால் அவர்கள் எழுதிவைத்தவை கெட்டுப்போகுமே என்று மாற்றாமல் இருந்துவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே வருத்தம் கலந்த நகைச்சுவையோடு சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு நண்பர்களின் வசதிக்காக விட்டுவைத்த அவ்விதி, அக்கருவியோடு உலகமெங்கும் பரவிற்று. ‘மேக்’ இயற்றியமைக்காக 2003ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. டேப்புக்குப் பதில் வேறொரு குறியை வைத்துக்கொள்ள ‘குனு மேக்’ இடம் தந்தது 2010இல்தான்.

நான் முதன்முதலாக ஒரு ‘மேக்’ குறிப்பை எழுதிய மாலைப்பொழுதை இன்றும் மறக்கவில்லை. பிரிகுறி காணவில்லை என்று பொறி திரும்பத் திரும்பச் சொல்லிற்று. நானோ ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. பிழை எழுத்தில் இல்லை, எழுத்தில்லாத இடத்தில் இருந்தது என்பது விளங்க இரவு ஒன்பது மணியாயிற்று.

‘மேக்’ செய்தது தற்செயல். வெற்றிடத்திற்கு வேண்டுமென்றே பொருள் கொடுத்தவர்களும் உண்டு. 1966இல் பீட்டர் லாண்டின் என்னும் ஆங்கிலேய அறிஞர், வருங்கால நிரல்மொழிகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு விதியை முன்வைத்தார். ஒரு தொடரின் முதற்சொல் எந்த இடத்தில் தொடங்குகிறதோ, அதற்கு இடப்புறம் அத்தொடரின் எந்தச் சொல்லும் வரலாகாது. வந்தால் அத்தொடர் முடிந்தது என்று பொருள். கால்பந்தாட்டத்தில் எல்லை மீறி நிற்பதைக் குறிக்கும் ‘ஆஃப்சைடு’ என்னும் சொல்லையே அவ்விதிக்குப் பெயராக இட்டார். மனிதன் ஓரத்தைப் படிக்கிறான் என்றால் பொறியும் ஓரத்தையே படிக்கட்டுமே என்பது இதன் உட்கருத்து.

அக்கருத்து ஹாலந்து நாட்டில் நன்கு வளர்ந்தது. ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் லாம்பர்ட் மீர்டென்ஸ் முதலானோர், பயில்வோருக்கு எளிய மொழி ஒன்றை வகுக்க முனைந்தார்கள். பிற்காலத்தில் அதற்கு ஏ.பி.சி. என்று பெயர் அமைந்தது. 1978இல் போலந்து நாட்டு யப்வோன்னா என்னும் ஊரில் ஒரு மாளிகையில் அறிஞர் நால்வர் கூடி, ஒரே நிரலைப் பல்வேறு வடிவங்களில் எழுதி வைத்து, எது சிறந்தது என்று ஆராய்ந்தார்கள். உடன்பாடு ஏற்படவில்லை. அவர்களுள் ஒருவரான ராபர்ட் டூவரின் துணைவியாரை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். முதல் வடிவத்தை விளக்கியதுமே அவ்வம்மையார், இந்த வரியில் சொன்னது இந்த வரிக்கு மட்டும் அன்றி இதற்குக் கீழுள்ள வரிகளுக்கும் உரியதா என்று வியப்போடு வினவினார். உள்ளே தள்ளியிருந்ததைக் கண்ட பின்பும், கீழுள்ள வரிகள் மேலுள்ள வரிக்கு அடங்கியவை என்பது அவருக்குப் புலப்படவில்லை. அந்த வரியின் இறுதியில் ஒரு முக்காற்புள்ளி இருந்திருந்தால் இம்மயக்கம் நேர்ந்திராது என்பதை அறிஞர்கள் அப்போது உணர்ந்தார்கள். அம்மொழியில் முக்காற்புள்ளி புகுந்த கதை இது. துறைபோகிய நால்வர் காணாததைப் புதிதாகப் படித்த ஒருவர் ஒரே பார்வையில் கண்டார்.

ஏ.பி.சி. குழுவில் பணியாற்றிய கீடோ வான் ராசம், 1989 டிசம்பரில் ஒரு புதிய மொழியைத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். உங்களுள் பலர் பள்ளியிலேயே பயிலும் பைத்தான் அதுதான். உள்தள்ளலும் முக்காற்புள்ளியும் அதற்கு ஏ.பி.சி. வழி வந்த சொத்துக்கள். பைத்தானில் கட்டளைகளைத் தொகுக்க அடைப்புக்குறி இல்லை. ஓரமே அடைப்பு. வெற்றிடமே இலக்கணம்.

வெற்றிடமே இலக்கணமான இடத்தில் எந்த வெற்றிடம் என்ற வினா உயிர்ப்பிரச்சினை ஆகிவிடுகிறது. பழைய பைத்தான், ஒரு டேப்பை எட்டு எழுத்து நிறுத்தமாகக் கணக்கிட்டது. நான்கு எழுத்து நிறுத்தத்தில் பார்க்கும் மாணவன் ஒரு நிரலைப் படிப்பான். பொறி வேறொரு நிரலை நடத்தும். 2001இல் வகுத்த நடையியல் விதிகளில், ஒரு படிக்கு நான்கு இடைவெளிகள் என்று பைத்தான் சமூகம் முடிவு செய்தது. 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு, டேப்பையும் இடைவெளியையும் பொருள் மயங்கும்படி கலந்தால் நிரலை ஏற்க மறுத்துவிடுகிறது. பொறி பிடிவாதம் பிடிப்பதை நான் பொதுவாக விரும்புகிறவன் அல்லன். இவ்விடத்தில் அதைப் பாராட்டுகிறேன்.

பொறி வெற்றிடத்தைப் பொருட்படுத்தாத மொழிகளில் எழுதுவோர், தமக்கு இத்தொல்லை இல்லை என்று மகிழ்வதுண்டு. அவர்களுக்கு 2014 பிப்ரவரியில் ஒரு பாடம் கிடைத்தது. ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளிலும் கணிப்பொறிகளிலும், நாம் தொடர்பு கொள்ளும் இணையதளம் மெய்யானதுதானா என்று கையொப்பத்தைச் சோதித்துப் பார்க்கும் பகுதி ஒன்று உண்டு. அது சி மொழியில் எழுதப்பட்டது. அதில் ‘பிழை காணப்பட்டால்’ என்று ஒரு வரி. அதன் கீழே, உள்தள்ளி, ‘முடிவுக்குப் போ’ என்று ஒரு வரி. அந்த இரண்டாம் வரி எவ்வாறோ இருமுறை பதிந்துவிட்டது. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளி, அண்ணன் தம்பிபோல நின்றன. படிக்கும் கண்ணுக்கு இரண்டும் மேல்வரிக்கு அடங்கியவை. பொறிக்கோ, அடைப்புக்குறி இல்லாமையால், முதலாவது மட்டுமே அடங்கியது. இரண்டாவது எந்நிலையிலும் நடத்தவேண்டிய கட்டளை. ஆகவே பிழை இல்லாதபோதும் பொறி முடிவுக்குத் தாவிற்று. கையொப்பத்தைச் சோதிக்கும் பகுதி தீண்டப்படாமலே கிடந்தது. சோதனை தேறியது என்ற விடை மட்டும் வந்துகொண்டிருந்தது. நடுவழியில் நின்று ஏமாற்ற நினைப்பவன் வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

இங்கே டேப்பா இடைவெளியா என்பது குற்றவாளி அன்று. ஆயினும் உள்தள்ளல் வெறும் அழகு என்று சொல்வாருக்கு இது விடை. மனிதன் ஓரத்தையும் பொறி அடைப்பையும் படித்தார்கள் என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? இருவரும் வேறு வேறாகப் படித்த இடத்தில் காவல் தகர்ந்தது. 2016இல் வெளிவந்த ஜி.சி.சி. மென்பொருளின் ஆறாம் பதிப்பில், ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

எவ்வளவு தள்ளுவது என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. 1983இல் பென் ஷ்னைடர்மனும் அவர் உடனிருந்தோரும், ஒரே நிரலைத் தள்ளாமலும், 2, 4, 6 எழுத்தளவு தள்ளியும் பலரிடம் கொடுத்துச் சோதித்தார்கள். இரண்டும் நான்கும் நன்கு விளங்கின என்பது அவர்கள் கண்ட முடிவு. லினக்சை ஆக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் இதற்கெல்லாம் அசையவில்லை. அவர் விதித்தது டேப். அதுவும் எட்டு எழுத்து அகலம். மூன்று படிகளுக்கு மேல் உள்ளே போய் வரி திரையின் வலக்கோடியில் முட்டுமானால், குறை டேப்பில் இல்லை, உம்முடைய நிரலில்தான் என்பது அவர் வாதம். அகலமான படியே அளவு மீறுவோருக்கு எச்சரிக்கை. கடுமையான மனிதர், ஆனால் வாதத்தில் சாரம் இருக்கிறது. 2009இல் கூகிள் நிறுவனத்தார் வெளியிட்ட கோ மொழி, வாதத்திற்கே இடம் வைக்கவில்லை. ‘கோஃபம்ட்’ என்னும் கருவி எவர் எழுதிய நிரலையும் ஒரே ஒழுங்கில் அடுக்கித் தந்துவிடும். உள்தள்ளலுக்கு டேப், ஒரே வரிசையில் நேர்படுத்த இடைவெளி.

என் கட்சி எது என்று நீங்கள் கேட்கக்கூடும். பைத்தானில் எழுதும்போது நான் அந்நாட்டுச் சட்டப்படி நான்கு இடைவெளிகள் இடுகிறேன். நெடுநாள் வழக்கத்தால் பிற மொழிகளிலும் அவ்வாறே செய்து வந்தேன். எங்கும் ஒன்றுபோல் தோன்றும் என்ற வாதமே எனக்குப் பெரிதாகப் பட்டது. அதைச் சற்று அசைத்தது பார்வையற்ற நிரலர்களின் நிலைமை. பார்வையற்றவர் நிரல் எழுதுவதுண்டா என்று ஐயுற வேண்டாம். நம் நாட்டவரான டி. வி. இராமன், சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்று, 1995இல் ‘ஈமாக்ஸ்பீக்’ என்னும் பேசும் கணிப்பொறிக் கருவியை வெளியிட்டார்.

பார்வையற்ற நிரலர் பலர், புள்ளிகள் எழும்பித் தாழும் பிரெய்ல் பலகையில் விரலை ஓட்டி வரிகளைப் படிக்கிறார்கள். பரவலாக வழங்கும் ஒருவகைப் பலகையில் 40 கட்டங்கள் உண்டு. ஒரு கட்டத்திற்கு ஓர் எழுத்து. இடைவெளியும் ஒரு கட்டத்தை அடைத்துக்கொள்ளும். மூன்று படி உள்ளே தள்ளிய ஒரு வரியை எண்ணிப் பாருங்கள். நான்கு இடைவெளி வீதம் 12 கட்டங்கள். விரல் அந்தப் பன்னிரண்டு வெற்றுக் கட்டங்களையும் கடந்த பிறகே முதல் எழுத்தைத் தொடும். எழுத்துக்கு எஞ்சுவன 28. டேப்பால் தள்ளிய நிரலானால் அவர் அதன் அகலத்தைத் தம் பொறியில் ஒன்றெனக் குறுக்கிக்கொள்ளலாம். அப்போது வெறுமையாய்ப் போவன மூன்றே கட்டங்கள். எழுத்துக்கு 37 எஞ்சும். மங்கிய பார்வை உடையவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும்போதும் இதே கணக்குத்தான். கணிப்பொறி இடைவெளிகளைத் தானே டேப்பாக மாற்றித் தரக்கூடாதா என்று கேட்கலாம். தரும். ஆனால் திருத்திய கோப்பைத் திருப்பி அனுப்புகையில் மீண்டும் மாற்ற வேண்டும். பலர் சேர்ந்து எழுதும் நிரலில் அது நாள்தோறும் வருகிற சுமை. இப்போதெல்லாம் நான் ஒரு புதிய நிரலைத் தொடங்கி, முதல் வரியை உள்ளே தள்ளப் போகும்போது, கை பழக்கத்தால் இடைவெளிக் கட்டைக்குத்தான் செல்கிறது. அந்தப் பன்னிரண்டு கட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. கையை இடப்புறம் நகர்த்துகிறேன்.